வந்த மகளும் வைத்துக்கொண்ட அம்மாவும்: அயல்நாட்டுச் சேவையின் அடுக்களை வரலாறு

1961 அக்டோபர் நடுவில் நைஜீரியாவின் இபாடன் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்தில் ஓர் அஞ்சலட்டை கீழே கிடந்தது. மார்ஜரி மிச்செல்மோர் என்ற 23 வயது அமெரிக்கப் பெண் தன் நண்பருக்கு எழுதி, அனுப்பும் முன்பே தவறவிட்டது அது. இங்கே எல்லோரும் தெருவில் வாழ்கிறார்கள், தெருவில் சமைக்கிறார்கள், தெருவில் விற்கிறார்கள் என்று வியப்பும் அருவருப்பும் கலந்து அதில் எழுதியிருந்தார். அட்டை ஒரு மாணவர் கையில் கிடைத்தது. படிகள் எடுக்கப்பட்டன, கூட்டம் கூடியது, கண்டனம் எழுந்தது. சுதந்திரம் பெற்று ஓராண்டே ஆன நாட்டு மாணவர்களுக்கு அந்தச் சொற்கள் எப்படி வலித்திருக்கும் என்பதைக் காலனியத்தின் பிள்ளைகளான நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மார்ஜரி மன்னிப்புக் கேட்டுவிட்டு நாடு திரும்பினார்.

அவர் வந்தது கென்னடி அரசு அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் பயிற்சித் தன்னார்வலராக. ஹார்வர்டில் ஒரு கட்டப் பயிற்சி முடித்து, அடுத்த கட்டத்துக்காக இபாடன் வந்திருந்தார். (பீஸ் கோர் என்பதை ‘அமைதிப்படை’ என்று எழுதத் தமிழ்க் கை தயங்குகிறது. 1987க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நம்மிடம் வேறொரு நினைவு உண்டு. ஆகவே ஒலியை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.)

தன்னார்வச் சேவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த அஞ்சலட்டையை மறக்காமல் குறிப்பிடுகிறார்கள். ‘வெளிநாட்டில் இருக்கும்போது என்ன எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்’ என்ற பாடத்துக்கு எடுத்துக்காட்டாக. எனக்கு அதில் வேறொன்று படுகிறது. தெருவில் சமைத்தவர்கள் யார்? விற்றவர்கள் யார்? யொரூபா நகரங்களில் சந்தை பெண்களுடையது. இபாடனிலிருந்து அதிகத் தொலைவில்லாத அபியோகுட்டாவில்தான், அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டியின் தலைமையில் சந்தைப் பெண்கள் தங்கள்மீது விதிக்கப்பட்ட வரியை எதிர்த்துத் திரண்டு, 1949இல் அந்நகரின் அரசரையே அரியணையை விட்டு விலக வைத்தார்கள். மார்ஜரி பார்த்தது அப்படிப்பட்ட பெண்களின் வேலையிடத்தை. அதை வேலையிடம் என்று பார்க்கும் கண்ணை அவருக்கு எந்த வகுப்பும் தந்திருக்கவில்லை.

இளைஞர்களை வேறொரு நாட்டுக்கு அனுப்பி, அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கவைத்து, சமூகப்பணி செய்யவைக்கும் இந்த மரபுக்கு இப்போது நூறு வயது. அதன் வரலாற்றை அனுப்பியவர்களின் பக்கமிருந்து நிறைய எழுதிவிட்டார்கள். அடுக்களைப் பக்கமிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே என் கேள்வி.

சகோதரிகளின் வேலை

முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1920இல், பியேர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பிரான்சின் வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் ஊருக்குச் சிலரைத் திரட்டிக்கொண்டு போனார். குண்டுகளால் சிதைந்த ஊரைத் திரும்பக் கட்டுவது நோக்கம். நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஜெர்மானியர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல். 1934இல் பீகாரை நிலநடுக்கம் தகர்த்தபோது செரெசோல் அங்கும் வந்து வேலை செய்தார்.

துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டி என்பது அழகிய கனவு. ஆனால் அந்த முகாம்களின் தொடக்கக் காலத்தில் ஆண்கள் மண் வெட்டினார்கள், பெண்கள் சமைத்தார்கள், துவைத்தார்கள், கிழிந்ததைத் தைத்தார்கள். ஆண்களுக்கு ‘நண்பர்கள்’ என்று பெயர். பெண்களுக்குச் ‘சகோதரிகள்’ என்று பெயர். போரை மறுத்தவர்களாலும் அடுக்களை வேலையை ஆண் செய்யலாம் என்று எண்ண முடியவில்லை. இத்தனைக்கும் அந்த இயக்கத்தின் தொடக்கத்திலிருந்தே உடனிருந்து அதை வளர்த்தவர்களில் ஒருவர் எலென் மொனாஸ்தியே என்ற ஆசிரியை. பின்னாளில் அதன் முதல் சர்வதேசத் தலைவராகவும் ஆனார். இன்றும் அந்த இயக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது செரெசோலின் பெயரைத்தான்.

1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்’ இன்னொரு திருப்பம். முதல் கோடையில் அவர் அமெரிக்க இளைஞர்களை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப்போய் முகாமிட்டார். முகாமில் அவரவர் நாட்டினர் அவரவரோடே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டார். பிறகு ஓர் இளைஞர், ஒரு குடும்பம் என்ற முறைக்கு வந்தார். வந்தவர் விடுதி விருந்தாளியல்ல, அந்த வீட்டின் உறுப்பினர். இன்று உலகெங்கும் ‘ஹோம்ஸ்டே’ என்று சொல்லப்படுவதன் முன்னோடிகளில் இது முக்கியமானது. பீஸ் கோரின் முதல் இயக்குநரான சார்ஜென்ட் ஷ்ரைவர் தன் இளமையில், 1934இல், இந்தத் திட்டத்தில் ஜெர்மனிக்குப் போய்வந்தவர். 1961இல் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போன முதல் தன்னார்வலர் குழுவுக்குப் பயிற்சி நடந்ததும் இந்த அமைப்பின் வெர்மான்ட் வளாகத்தில்தான்.

முகாமிலிருந்து வீட்டுக்கு இடம் மாறியது என்று வரலாறு ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. அந்த வரிக்குள் நடந்த இன்னொரு மாற்றம் உண்டு. முகாமில் சமைத்த ‘சகோதரி’ குறைந்தபட்சம் தானும் ஒரு தன்னார்வலர். பெயர்ப்பட்டியலில் இருந்தாள். வீட்டில் சமைக்கிறவள் தன்னார்வலரும் அல்ல, பயிற்சியாளரும் அல்ல. அவள் ‘குடும்பம்’. குடும்பம் என்ற சொல்லுக்குள் போனதும் அவளுடைய உழைப்பு கண்ணுக்குத் தெரியாமலாகிறது.

பாறை ஏறியவர்கள்

1961இன் பயிற்சி எப்படி இருந்தது என்பது நன்றாகப் பதிவாகியிருக்கிறது. கானாவுக்குப் போகிறவர்களுக்கு கலிஃபோர்னியா பெர்க்லியிலும் கொலம்பியாவுக்குப் போகிறவர்களுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் வகுப்புகள் நடந்தன. மொழி, போகும் நாட்டின் வரலாறு, அமெரிக்க வரலாறு, உலக அரசியல், கம்யூனிசம் பற்றிய எச்சரிக்கை, தொழில்திறன், உடல்நலம் என்று பாடத்திட்டம். இடையில் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் பயிற்சியாளர்களைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள். உடன் பயிலும் தோழர்களையே ஒருவரையொருவர் மதிப்பிடச் சொன்னார்கள். ‘தகுதியற்றவர்’ என்று முடிவானால் பயிற்சியின் நடுவிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

பலர் போர்ட்டோரிக்கோவில் அரெசிபோவுக்கு அருகே மழைக்காட்டு முகாமுக்கும் அனுப்பப்பட்டார்கள். அங்கே பாறை ஏறுதல், உயரத்திலிருந்து கயிற்றில் இறங்குதல், கை கால்களைக் கட்டிக்கொண்டு நீரில் மிதத்தல். பெண்களும் இதையெல்லாம் செய்தார்கள். ஆண்களுக்கு நிகராகச் செய்ய முடியும் என்று காட்டியதில் அவர்களுக்கு நிச்சயம் ஒரு பெருமிதம் இருந்திருக்கும், அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். போய் இறங்கிய ஊர்களில் அவர்களில் எத்தனை பேருக்குப் பாறையில் கயிறு கட்டி இறங்க வேண்டியிருந்திருக்கும்? எல்லோருக்கும் வேண்டியிருந்தது வேறு திறமை. ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பது, அடுத்த வீட்டுப் பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பது, வைத்த உணவை மறுக்காமல் மறுப்பது, எந்த வழியில் எந்த நேரத்தில் போகக்கூடாது என்று தெரிந்துகொள்வது. வீரத்தின் இலக்கணம் ஆணுடையதாக இருந்ததால் பயிற்சியும் பாறையில் நடந்தது. அடுக்களைக்குப் பாடத்திட்டத்தில் தலைப்பில்லை.

1960களின் இறுதிக்குள் பல்கலைக்கழக வகுப்பறையால் இந்தத் திறமைகளைத் தர முடியாது என்பது தெளிவாயிற்று. பயிற்சி மெல்ல மெல்லப் போகும் நாட்டுக்கே மாற்றப்பட்டது. பின்னர் பல நாடுகளில் உறுதிப்பட்ட முறை இது: ஏறக்குறைய மூன்று மாதம் ஒரு கிராமத்திலோ சிற்றூரிலோ ஒரு குடும்பத்தோடு தங்குவது, பகலில் சிறு குழுவாக மொழி வகுப்பு, மாலையில் வீட்டுக்குத் திரும்பி, படித்ததை அந்த வீட்டில் பேசிப் பார்ப்பது. அதாவது, ஹார்வர்டும் பெர்க்லியும் செய்ய முடியாததை ஒரு கிராமத்து வீட்டுப் பெண் செய்யத் தொடங்கினாள். அவளுக்கு ‘பேராசிரியர்’ என்று யாரும் பெயர் சூட்டவில்லை. ‘ஹோஸ்ட் மதர்’ என்றார்கள்.

இதே காலத்தில் இன்னும் இளையவர்களையும் அனுப்பத் தொடங்கினார்கள். 1965இல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனிலிருந்து ஹோண்டுராசுக்குப் போலியோ தடுப்பு மருந்து கொடுக்கப் போன குழுவிலிருந்து ‘அமிகோஸ் தெ லாஸ் அமெரிக்காஸ்’ பிறந்தது. அதில் போகிறவர்கள் பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். சொந்த ஊரில் பல மாதப் பயிற்சி, பிறகு லத்தீன் அமெரிக்கக் கிராமமொன்றில் குடும்பத்தோடு சில வாரம். பதினாறு வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நள்ளிரவில் விழித்திருப்பது யார் என்று நம் வாசகிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘விருந்து’ என்ற சொல்

தமிழ் படித்தவளாக இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருகிறது. கற்பியலில் தலைவியின் சிறப்புகளை அடுக்கும்போது விருந்தினரைப் பேணுவதையும் ஒன்றாகச் சொல்கிறது அது. திருக்குறள் விருந்தோம்பலுக்கு இல்லறவியலில் ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. புகழ் இல்லத்துக்கு உரியது. அடுப்பு யார் கையில் என்பது பேசப்படுவதில்லை. சிலப்பதிகாரத்தில், கோவலன் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றைக் கண்ணகி சொல்லுமிடத்தில் விருந்தினரை எதிர்கொள்வதும் ஒன்று. கணவன் இல்லாத வீட்டில் அவளால் விருந்தோம்ப முடியாது. உழைப்பு அவளுடையது, உரிமை அவனுடையது. இதைவிடத் துல்லியமாக யார் சொல்லிவிட முடியும்!

உலகின் பல பண்பாடுகளில் விருந்தோம்பல் இப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆகவே ஒரு நிறுவனம் ஒரு கிராமத்துக்கு வந்து ‘உங்கள் விருந்தோம்பல் புகழ்பெற்றது’ என்று பாராட்டும்போது நான் கொஞ்சம் பதறுகிறேன். அந்தப் பாராட்டில் ஒரு பெண்ணின் மூன்று மாத வேலை ஒப்பந்தம் எழுதப்படாமலே கையெழுத்தாகிறது.

பீஸ் கோர் போன்ற அமைப்புகள் குடும்பத்துக்குச் சாப்பாட்டுச் செலவுக்கென ஒரு தொகை தருகின்றன. தன்னார்வலருக்குத் தனி அறை வேண்டும், கதவுக்குப் பூட்டு வேண்டும், குடிநீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று விதிகள் உண்டு. எல்லாம் நியாயமான விதிகளே. ஆனால் தனி அறை என்பது இருக்கும் அறைகளிலிருந்துதான் வரவேண்டும். நான்கு பேர் படுத்த அறை ஒருவருக்கானால் அந்த வீட்டு மகள் எங்கே படுப்பாள்? தண்ணீரைக் கொதிக்கவைக்க விறகு யார் கொண்டுவருவது? அரிசிக்கும் காய்கறிக்கும் கணக்கு உண்டு. ஒரே சொல்லைப் பத்து முறை திருத்திச் சொல்லித் தந்ததற்கும், ஊரை நினைத்து அழுத பெண்ணின் தலையைத் தடவியதற்கும், ‘உன் வீட்டு வெள்ளைக்காரப் பெண் நேற்று யாரோடு பேசிக்கொண்டிருந்தாள்’ என்று கேட்ட அண்டை வீட்டாருக்குப் பதில் சொன்னதற்கும் எந்தக் கணக்கில் இடமிருக்கிறது?

1972இல் இத்தாலியின் பதுவா நகரில் கூடிய பெண்ணியவாதிகள் வீட்டு வேலைக்கு ஊதியம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். மரியாரோசா டல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலானோர் அப்போது சொன்னது எளிமையானது: அன்பு என்று பெயரிட்டுவிட்டால் உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது. 1983இல் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, புன்னகையும் பொறுமையும்கூட உழைப்பே என்று நிறுவினார். ஹோம்ஸ்டே வீட்டுப் பெண்ணிடம் இந்த இரண்டும் சேர்கின்றன. அவள் செய்வது வீட்டு வேலை, உணர்வு உழைப்பு, அவற்றோடு ஆசிரியப் பணியும். அவளுக்கு உண்மையான அன்பு பிறக்கிறதென்பதும் பொய்யல்ல. அன்பு பிறந்துவிடுவதாலேயே அது உழைப்பில்லை என்றாகிவிடாது.

அனுசரித்துப் போதல்

பயிற்சி வகுப்பின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணைப் பற்றியும் பேச வேண்டும்.

அயல்நாட்டுக்குப் போகிறவர்களுக்கான வகுப்புகளில் தவறாமல் வரும் ஒரு சொல் ‘கல்ச்சர் ஷாக்’, பண்பாட்டு அதிர்ச்சி. முதலில் தேனிலவு, பிறகு நெருக்கடி, பிறகு தேறுதல், கடைசியில் அனுசரித்துப் போதல் என்று நான்கு படி. இதைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர். 1954 ஆகஸ்டில் அவர் இதைப் பேசிய இடம் பிரேசிலின் ரியோ நகரத்து மகளிர் மன்றம். அவருக்கு முன்பே, 1951இல், கோரா டுபோய்ஸ் என்ற பெண் மானிடவியலாளர் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். பாடநூல்கள் ஓபர்க்கைத்தான் சொல்கின்றன.

மகளிர் மன்றம் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வேறொரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு உப்பு புளியைப் பழகி, அந்த வீட்டுப் பேச்சைக் கற்று, அழுகையை விழுங்கி, அனுசரித்துப் போவது என்ற கலையில் பெண்ணுக்கு வயதுவந்த நாள்முதல் பயிற்சி நடக்கிறது. நாம் அதற்குப் ‘புகுந்த வீடு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்பதே அதன் முழுப் பாடத்திட்டம். நம் பெண்களில் பெரும்பாலோர் திரும்பும் பயணச்சீட்டு இல்லாத ஹோம்ஸ்டேக்கு அனுப்பப்படுகிறவர்கள்.

தன்னார்வலரின் நிலை அதுவல்ல. அவளுக்குக் கால வரையறை உண்டு, மருத்துவக் காப்பு உண்டு, வேண்டாமென்றால் திரும்பிவர வழி உண்டு. வந்த வீட்டில் அவளை யாரும் அடிமை கொள்ளவில்லை, சிறப்பாகவே நடத்துகிறார்கள். ஆனாலும் பயிற்சியின் மொழி இரண்டு இடத்திலும் ஒன்றாக இருப்பதுதான் ஆபத்து. எல்லாச் சங்கடமும் பண்பாட்டு வேறுபாடு, எல்லாப் பண்பாட்டு வேறுபாடும் நாம் அனுசரிக்க வேண்டியது என்று கற்றுத்தந்தால், தெருவில் பின்தொடர்கிற ஆணும் அறைக்கதவைத் தட்டுகிற உறவினனும் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

கேட் பூசி என்ற 24 வயதுப் பெண் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பீஸ் கோர் ஆசிரியை. அமைப்போடு தொடர்புடைய ஓர் உள்ளூர் ஊழியர் மாணவிகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபடுகிறார் என்று அவர் மேலிடத்துக்கு ரகசியமாக எழுதினார். அந்த ரகசியம் காக்கப்படவில்லை என்பது அவர் குடும்பத்தின் குற்றச்சாட்டு. 2009 மார்ச்சில் கேட் கொல்லப்பட்டார். அவர் குடும்பத்தோடு, சேவைக் காலத்தில் வன்முறைக்கு ஆளான பல பெண்களும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். 2011 நவம்பரில் அமெரிக்காவில் அவர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. பாலியல் வன்முறை பற்றிய பயிற்சி, பாதிக்கப்பட்டவருக்காகப் பேச ஓர் அலுவலர், முறையிடுகிறவரின் ரகசியம் காத்தல் ஆகியவை அதன்பின் அமைப்பின் கடமையாயின. தொடங்கி ஐம்பது ஆண்டு கழித்து!

இன்னொன்றும் உண்டு. 1979 முதல் 2014 வரை, வன்புணர்வால் கருவுற்றாலும், உயிருக்கே ஆபத்து என்றாலும்கூட, பீஸ் கோர் பெண் தன்னார்வலரின் கருக்கலைப்புக்கு அரசு மருத்துவக் காப்பிலிருந்து பணம் தர முடியாது என்ற விதி இருந்தது. பாறை ஏறவைத்த அமைப்புக்கு அந்த உடலைப் பற்றிய இந்தக் கேள்வி முப்பத்தைந்து ஆண்டு உறைக்கவில்லை.

கேட்டின் பெயரில் சட்டம் இருக்கிறது. அவர் யாருக்காகக் கடிதம் எழுதினாரோ அந்தப் பள்ளிச் சிறுமிகளை வரலாறு ‘மாணவிகள்’ என்று பன்மையில் மட்டும் அறிகிறது. வந்த பெண்ணின் பாதுகாப்பும் அந்த ஊர்ப் பெண்ணின் பாதுகாப்பும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. கேட் அதைப் புரிந்துகொண்டவர். பயிற்சித் திட்டங்கள் இன்னும் முதல் முனையைத்தான் பிடித்திருக்கின்றன.

போகச் சொல்லும் உரிமை

1968 ஏப்ரல் 20. மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில், கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் போகும் அமெரிக்க மாணவர்களின் மாநாடு. இவான் இல்லிச் பேசினார். அவரே அந்நகரில் அயல்நாட்டினருக்கு ஸ்பானிய மொழியும் லத்தீன் அமெரிக்க அறிவும் தரும் மையத்தை நடத்தியவர். நல்லெண்ணத்தோடு வந்த மாணவர்களிடம், உங்கள் நல்லெண்ணம் யாருக்கும் பயன்படாது, பாருங்கள், படியுங்கள், மலை ஏறுங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். உதவித்தான் ஆகவேண்டுமென்றால் உங்கள் நாட்டு ஏழைகளிடம் போங்கள், அவர்களால் உங்கள் மொழியில் உங்கள் முகத்துக்கு நேரே ‘போ’ என்று சொல்ல முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இல்லிச்சோடு நான் முழுக்க உடன்படவில்லை. பெண்களைப் பொறுத்தவரை ஊரைவிட்டுப் போவதே ஒரு கல்வி. ‘நீ எதற்குப் போகிறாய்’ என்று ஆண்கள் கேட்டுக்கொண்டே இருந்த வரலாறு நமக்கு இருக்கிறது. ஆனால் ‘போ’ என்று சொல்ல முடிவதுதான் சமத்துவத்தின் அளவுகோல் என்ற அவர் கருத்தை நான் அடுக்களைக்குள் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். ஹோம்ஸ்டே வீட்டுப் பெண்ணால் ‘இந்த ஆண்டு வேண்டாம், எனக்கு உடம்பு முடியவில்லை’ என்று சொல்ல முடியுமா? குடும்பத்தலைவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட பின் அவளிடம் தனியாக யாராவது கேட்டார்களா? பயிற்சி முடிந்ததும் தன்னார்வலர் குடும்பத்தைப் பற்றிப் படிவம் நிரப்புகிறார். அந்தப் பெண் தன்னார்வலரைப் பற்றி நிரப்ப ஒரு படிவம் இருக்கிறதா?

சமன் செய்யும் முயற்சி நடக்காமலில்லை. 1971இல் ஜாக் எபேர் தொடங்கிய கனடா வேர்ல்ட் யூத் ஒரு மாற்று வழியைக் காட்டியது. ஒரு கனடா இளைஞர், தென்னுலக நாடொன்றிலிருந்து ஓர் இளைஞர் என இருவரை இணையாக்கினார்கள். இருவரும் சில மாதம் கனடாவில் ஒரே குடும்பத்தில் தங்கி வேலை செய்வார்கள், பிறகு சில மாதம் அந்த இன்னொரு நாட்டில். கொடுக்கும் வீடு, பெறும் வீடு என்ற பிரிவு அதில் கலைந்தது. கனடாவின் ஒரு வீட்டுப் பெண்ணும் ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ உள்ள ஒரு வீட்டுப் பெண்ணும் ஒரே வேலையைச் செய்தார்கள். இருவருக்குமே அது கூடுதல் வேலைதான் என்பது வேறு விஷயம்.

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பீஸ் கோர் உலகம் முழுவதிலுமிருந்து தன் தன்னார்வலர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறக்குறைய ஏழாயிரம் பேர் சில நாட்களில் ஊர் திரும்பினார்கள். விடைபெறவும் நேரமின்றிப் புறப்பட்ட துயரத்தை அவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், படிக்கையில் மனம் கனக்கிறது. அவர்கள் விட்டுவந்த வீடுகளில் பூட்டுப் போட்ட அந்தத் தனி அறைகள் என்னவாயின, வழியனுப்பிய பெண்கள் அந்தத் தொற்றுக்காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்று அதே அளவுக்கு எழுதப்படவில்லை.

என் மாணவிகளுக்கு

ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று மாணவிகளாவது இத்தகைய வெளிநாட்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். ‘கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவையாவது நானா எங்கேயாவது போயிட்டு வரணும் மேடம்’ என்றாள் ஒருத்தி. அவளுக்குச் சேவையைவிட அந்த ‘நானா’ முக்கியம் என்பது எனக்குப் புரிந்தது. அதில் தவறில்லை. சேவை என்ற பெயரில்தான் வீட்டைவிட்டு வெளியே போக முடியும் என்ற நிலை நூறு ஆண்டுக்கு முந்தைய பெண்களுக்கும் இருந்தது.

கல்லூரிச் சேவை முகாம்களுக்கு அவர்களோடு போயிருக்கிறேன். பகலெல்லாம் ஊர் வேலை. குளிக்கவும் துணி மாற்றவும் மாணவிகள் போவது ஊர்ப் பெண்களின் வீட்டுக்கு. நடவுக்குப் போகும் முன் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போவார் ஓர் அக்கா. முகாமின் முடிவில் எத்தனை மரக்கன்று நட்டோம், எத்தனை மீட்டர் வாய்க்கால் தூர்வாரினோம் என்று கணக்கு எழுதுவோம். ஒருமுறை ஒரு மாணவி அந்தப் பட்டியலின் கீழே, எந்தெந்த வீட்டில் யார் யார் எங்களுக்குத் தண்ணீர் தந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதினாள். பதினொரு பெயர். நான் படித்த முகாம் அறிக்கைகளில் சேவை என்ன என்பதைச் சரியாகச் சொன்னது அந்த அரைப்பக்கம்தான்.

ஆகவே கடிதம் கேட்டு வருகிறவளிடம் சிலவற்றைச் சொல்கிறேன். போ. போகும் முன் அந்த அமைப்பிடம் கேள். தங்கும் வீட்டுக்கு என்ன தருகிறீர்கள், யார் கையில் தருகிறீர்கள்? அந்த வீட்டுப் பெண்ணிடம் தனியே சம்மதம் கேட்டீர்களா? அவள் முறையிட வேண்டுமென்றால் யாரிடம், எந்த மொழியில்? நான் முறையிட்டால் என் பெயர் யாருக்கெல்லாம் தெரியும்? எனக்கு எதிராக ஏதாவது நடந்தால் பண்பாடு என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்துவீர்களா? பதில் சொல்லத் தயங்கும் அமைப்போடு போகாதே.

போன வீட்டில் அனுசரித்துப் போ, ஆனால் எது வழக்கம், எது வன்முறை என்று பிரித்துப் பார். பிரிக்கத் தெரியவில்லையென்றால் அந்த வீட்டுப் பெண்ணிடம் கேள். அவளுக்குத் தெரியும், அவள் ஆயுள் முழுவதும் பிரித்துக்கொண்டிருப்பவள். அவளோடு உட்கார்ந்து காய் நறுக்கு. அவள் வேலை செய்யும் நேரத்தைக் கவனி. அவளுக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார். திரும்பி வந்து எழுதும்போது ‘என் ஹோஸ்ட் மதர்’ என்று எழுதாதே. அவள் சம்மதித்தால் அவள் பெயரை எழுது, ‘என் ஆசிரியர்’ என்று எழுது.

இப்போதெல்லாம் பரிந்துரைக் கடிதத்தின் கடைசியில் நானும் ஒரு வரி சேர்க்கிறேன்: இந்த மாணவி தங்கும் வீட்டுப் பெண்ணுக்கும் தங்கள் பயிற்சியாளர் பட்டியலில் இடமளித்து, அதற்குரிய ஊதியமும் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதுவரை ஓர் அமைப்பும் அதற்குப் பதில் எழுதவில்லை. அடுத்த கடிதத்திலும் அந்த வரி இருக்கும்.